பெயர் சொல்லாமல் போட்ட புளியங்கொட்டைகள்

மதினி,

முற்றத்தில் வசந்தா புளி தட்டிக்கொண்டிருக்கிறாள். சித்திரை வெயிலில் காய்ந்த புளியை உடைக்கும்போது நாக்கு கூசுகிற மாதிரி ஒரு வாசனை வருமே, அது வீடு முழுக்க நிற்கிறது. தெறித்த கொட்டை ஒன்று உருண்டு வந்து என் கால் பெருவிரலில் முட்டியது. எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன்.

"என்ன மாமா, கொட்டையக் கையில வச்சிக்கிட்டு இருக்கிய?" என்றாள்.

"மதினிக்கு ஒரு சேதி சொல்லணும். எழுதுதியா?"

வசந்தா என் மகன் ஆறுமுகத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். உங்கள் குணத்தைக் கொஞ்சம் கண்டவள். செத்தவர்களுக்கு யார் மடல் எழுதுவார்கள் என்றெல்லாம் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டாள். எனக்கு எழுத்து தெரியாதென்பது உங்களுக்குத் தெரியும். நான் என் வாய்க்கு வந்தபடி சொல்கிறேன். அவள் அதைச் சீராக்கி எழுதுகிறாள். உங்கள் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றேன். அண்ணன் பெண்டாட்டியைப் பெயர் சொல்லிப் பேசி எனக்குப் பழக்கமில்லை. அந்த விஷயத்தில் நீங்கள் எங்களுக்கெல்லாம் மேலே இருந்தீர்கள்.

அண்ணன் பெயர் குற்றாலம். புளியங்குடியிலிருந்து இலஞ்சிக்கு வாழ வந்த நாள் முதல் அந்தப் பெயர் உங்கள் வாயில் வந்ததில்லை. புருசன் பெயரைச் சொல்லாத பெண்கள் அன்றைக்கு ஊரெல்லாம் இருந்தார்கள். ஆனால் புருசன் பெயரே பக்கத்து ஊருக்கும் பெயராக அமைந்தது உங்கள் தலையெழுத்து. சாரல் விழுந்தால் எங்கெங்கிருந்தோ ஆட்கள் விசாரித்துக்கொண்டு வருகிற ஊர். நீங்கள் அதன் பெயரைச் சொல்லாமலே காலம் தள்ளினீர்கள்.

ஓர் ஆடியில் நீங்களும் நானும் குளிக்கப் பஸ் ஏறினோம். கண்டக்டர் உங்களிடம் கையை நீட்டினார்.

"எங்கம்மா?"

"அருவிக்கு."

"எந்த அருவிக்கு? ஐந்தருவியா, பழைய குத்தாலமா?"

"அஞ்சும் இல்ல, பழசும் இல்ல."

"பின்ன?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "ஏ கொழுந்தனாரே, சொல்லுமே." நான் ஜன்னல் பக்கம் திரும்பித் தென்னந்தோப்பை வேடிக்கை பார்த்தேன். பஸ்ஸே சிரித்தது. பின்னால் இருந்த ஓர் அம்மாதான், "அவிய வீட்டுக்காரரு பேரு போலருக்கு, டிக்கெட்டக் கிழியும்யா" என்று முடித்துவைத்தாள். இறங்கின பிறகு ஈரத் துண்டால் என் முதுகில் ஒரு அடி வைத்தீர்கள்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் அந்தப் பழக்கம் இல்லாவிட்டால் என் பேத்தி, ஆறுமுகத்தின் மகள் திவ்யாவின் கல்யாணம் நின்றுபோயிருக்கும்.

எங்கள் தாத்தா பெயரும் குற்றாலம்தான். தலைப்பிள்ளைக்குத் தாத்தா பெயர் என்பது வழக்கம். பெரியப்பா தன் மூத்த மகனுக்கு வைத்தார். அப்பா அண்ணனுக்கு வைத்தார். அத்தையும் தன் மகனுக்கு அதையே வைத்தாள். அத்தை வீட்டுக்காரர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். மாமனார் வயலில் உழுது, மாமனாருடைய குலதெய்வமான சாஸ்தாவையே கும்பிட்டு, பிள்ளைக்கும் மாமனார் பெயரையே விட்டுக்கொடுத்தார். ஒரே முற்றத்தைச் சுற்றி வீடுகள் இருந்த வளவுக்குள் மூன்று குற்றாலம். யாராவது வாசலில் நின்று கூப்பிட்டால் மூன்று பேரும் எட்டிப் பார்ப்பார்கள்.

நான் சின்னப் பயலாக இருந்தபோதே புனலூர்ப் பக்கம் எஸ்டேட் வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். மீசை வளர்ந்து, அது பழகியும் போன பிறகுதான் திரும்பி வந்தேன். வளவு பாதி காலி. பெரியப்பா மகன் குற்றாலமும் அத்தை மகன் குற்றாலமும் ஆளுக்கொரு பக்கம் பிழைக்கப் போயிருந்தார்கள். யார் யாருக்கு யார் பிறந்தார்கள், யார் எங்கே கட்டிக்கொடுக்கப்பட்டார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீங்கள் புளி தட்டிக்கொண்டிருந்தீர்கள், இதே சித்திரையில். "உக்காரும், சொல்லுதேன்" என்று கொட்டைகளைத் தரையில் பரப்பினீர்கள்.

ஆணுக்கு முழுக் கொட்டை. பெண்ணுக்குத் தாயம் விளையாட உரசி வைத்திருந்த கொட்டை, ஒரு பக்கம் வெள்ளையாக இருப்பது. "அது ஏன் மதினி?" என்று கேட்டேன். "பொம்பளன்னா ஒரு பக்கம் தேஞ்சுதான இருப்பா" என்றீர்கள், தலை நிமிராமல்.

தாத்தாவிலிருந்து தொடங்கி வரிசை வரிசையாக வைத்துக்கொண்டே போனீர்கள். பெயர் ஒன்றுகூட இல்லை. அதில் முக்கால்வாசி ஆண்களின் பெயர் உங்கள் நாக்குக்கு ஆகாத பெயர். பெரியப்பா மகனை 'வடக்கு வீட்டு ஆளு' என்றீர்கள். அத்தை மகனை 'கிணத்து வீட்டு ஆளு'. அண்ணனை 'இந்தா, இந்த ஆளு'. எனக்குச் சிரிப்பாக இருந்தது. இது என்ன வம்சாவளி, ஒருவனுக்கும் பெயரில்லாமல் என்று நினைத்தேன்.

இனி இந்த வருசத்துக் கதை.

மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குத்துக்கல்வலசையிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். திவ்யாவும் அந்தப் பையனும் சென்னையில் ஒரே கம்பெனி. அவர்களாகவே பேசி முடித்துவிட்டுத்தான் எங்களிடம் சொன்னார்கள். நம் ஆட்கள்தான், நல்ல குடும்பம். வசந்தா கேசரி கிளறியிருந்தாள். பையனை எல்லாரும் நாதன் என்று கூப்பிட்டார்கள். முழுப் பெயர் என்னவென்று கேட்டேன்.

"குற்றாலநாதன்" என்றார் பையனின் அப்பா. "எங்கப்பா பேரு. எங்கப்பாவுக்கு அவிய தாத்தா பேரு. பூர்வீகம் இதே இலஞ்சிதான்."

ஆறுமுகம் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ஒங்களுக்கு எந்தச் சாஸ்தா?"

அவர் சொன்னார். மலையடிவாரத்தில் பங்குனி உத்திரத்துக்கு நாம் பொங்கல் வைக்கிற அதே சாஸ்தா.

கேசரித் தட்டோடு வந்த வசந்தா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். ஒரே ஊர், ஒரே பெயர், ஒரே சாஸ்தா. பங்காளி வீட்டுப் பிள்ளை என்றால் திவ்யாவுக்கு அவன் அண்ணன். அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை. பையனின் அப்பா தங்கமான மனிதர், அவருக்கே முகம் செத்துவிட்டது. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். அவருடைய அம்மா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போய்விட்டாள். இந்தப் பக்கத்து உறவு யாரையும், தன் அப்பாவைப் பெற்றவரின் பெயரைக்கூட, அவருக்குத் தெரியாது. வேலையெல்லாம் முடிந்து, அப்பா இருந்த ஊர் என்று பிற்பாடுதான் குத்துக்கல்வலசையில் வீடு கட்டியிருக்கிறார்.

உங்களுக்கு இன்னொன்று சொன்னால் பிடிக்கும். அவர் என்னை எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அன்றைக்கு முழுக்க 'ஐயா, ஐயா' என்றார். பங்காளியென்றால் சித்தப்பா. மற்றபடி மாமா. எதைச் சொன்னாலும் தீர்ப்பாகிவிடுமே.

அந்தப் பையன் போனில் தேடிப் பார்த்தான். நான் கேட்டேன், "ஜனத்தொகைக் கணக்குன்னு வீடு வீடா வந்து எழுதிக்கிட்டுப் போறாவளே, அதுல இருக்காதாப்பா?"

"அதுல ஆள் பேரை வெளிய தர மாட்டாங்க தாத்தா. எத்தனை தலைன்னுதான் சொல்வாங்க."

எனக்கு உடனே நீங்கள் ஞாபகத்துக்கு வந்தீர்கள். அந்தக் காலத்தில் கணக்கெடுக்க வந்த வாத்தியார் வீட்டுத் தலைவர் பெயரைக் கேட்டபோது, "அடுத்த வீட்டுல கேட்டு எழுதிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மோர் கொடுத்தவர் நீங்கள். அந்தக் கணக்கைத் தந்தாலும் அதில் என்ன இருந்திருக்கும்? குற்றாலம், வயது இன்னது, ஊர் இலஞ்சி. அவ்வளவுதான். பிறப்பைப் பதிகிற வழக்கமெல்லாம் எங்கள் வளவுக்கு வரவில்லை. ரேஷன் கார்டு வருவதற்குள் இரண்டு குற்றாலமும் ஊரை விட்டுப் போய்விட்டார்கள்.

ஆக, கேள்வி ஒன்றே ஒன்று. இந்தப் பையனுடைய தாத்தா வடக்கு வீட்டு ஆளா, கிணற்று வீட்டு ஆளா? வடக்கு வீடு என்றால் அண்ணன் தங்கை. கிணற்று வீடு என்றால் அத்தை வழி, கொண்டு கொடுக்கிற முறை.

சென்னைக்குத் திரும்பும் அன்று திவ்யா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாத்தா, உங்களுக்குத்தான் தெரியும்ங்கிறாங்க. இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்க. எனக்காக ஆமான்னு சொல்லாதீங்க. அப்புறம் நான்தான் வாழ்நாள் பூரா அதை நினைச்சிக்கிட்டு இருக்கணும்."

அவள் கண்ணில் தண்ணீர் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அந்த வளவில் என் காலத்தில் பிறந்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். கிணற்று வீடு என்று நான் சொன்னால் மறுத்துப் பேச ஆளில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். நீங்கள் இருந்திருந்தால் உங்களிடம் கேட்டுவிட்டு வெற்றிலை போடப் போயிருப்பேன். போன கார்த்திகையில் போய்விட்டீர்கள். நாலு மாதம் பொறுத்திருக்கலாம்.

பங்குனியில் ஆறுமுகத்தைக் கூட்டிக்கொண்டு குத்துக்கல்வலசைக்குப் போனேன். புது வீடு. பையனின் அப்பா போனில் தன் அப்பாவின் படத்தைக் காட்டினார். பழைய படத்தை அதில் பிடித்து வைத்திருக்கிறார். குடையை இடுக்கிக்கொண்டு, இடது காது கொஞ்சம் முன்னால் மடிந்த ஒரு மனிதர்.

அந்தக் காதை நான் பார்த்திருக்கிறேன்.

புனலூரிலிருந்து திரும்பிய பிறகு நான் புளியங்குடியில் உங்கள் தம்பி சொல்லி வைத்த எலுமிச்சங்காய்க் கமிஷன் கடையில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தேன். வாரத்துக்கு ஒரு நாள் இலஞ்சிக்கு வந்துபோவேன். அன்றைக்குச் சாரல். நான் புளியங்குடிக்குக் கிளம்பி வாசலுக்கு வருகிறேன். குடையும் ஒரு பலாப்பழமுமாக இவர் வருகிறார். அண்ணன், "ஏலே குற்றாலம், வாலே" என்றார். இவர், "ஏலே குற்றாலம், ஒனக்கு இன்னும் தொந்தி வைக்கலியாலே" என்றார். எனக்கு லாரிக்கு நேரமாகிவிட்டது. வடக்கு வீடா, கிணற்று வீடா என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு அது ஒரு கேள்வியாகவே தோன்றவில்லை. ஆனால் நீங்கள் அடுப்படியிலிருந்து வந்தீர்கள். ஈரத் தலையோடு, முந்தானையை இழுத்து மூடாமல், நேரே அவர் கையிலிருந்த பழத்தை வாங்கினீர்கள். "என்னண்ணே, தங்கச்சி வீட்டுக்கு வழி மறந்துபோச்சோ? சாப்புடாமப் போனியன்னா பலாப்பழம் தலையில விழும்" என்றீர்கள்.

வடக்கு வீட்டு ஆள் எங்கள் அண்ணனுக்கு மூத்தவர். உங்களுக்கு அத்தான் முறை. அவர் வந்தால் நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்றுதானே பேசுவீர்கள்? தண்ணீர்ச் செம்பைக்கூடக் கீழே வைத்துவிட்டுத்தானே விலகுவீர்கள்? இவரை அண்ணே என்று கூப்பிட்டீர்கள். புருசனுக்கு மச்சான், உங்களுக்கு அண்ணன். கிணற்று வீடு.

இதை நான் அந்த வீட்டிலேயே சொன்னேன். ஆறுமுகம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தலையை ஆட்டினான்.

"எப்பா, ஊருல எல்லாப் பொம்பளையும் எல்லா ஆம்பளையையும் அண்ணேன்னுதான் கூப்புடுதாவ. கறிவேப்பிலை விக்கவனும் அண்ணன், கரண்ட் பில்லு எடுக்கவனும் அண்ணன். அதை வச்சுக் கல்யாணமா முடிக்க முடியும்?"

மற்றவர்களுக்கு அது சரி, உங்களுக்குச் சரியில்லை. நீங்கள் முறை மாற்றிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவன் சொன்னதில் ஞாயம் இல்லையென்று எப்படிச் சொல்வேன்? பேத்திக்காகக் கிழவன் ஒரு 'அண்ணே'யைப் பிடித்துத் தொங்குகிறான் என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்துவிட்டது. காப்பி வந்தது. யாரும் எடுக்கவில்லை.

பையனின் அப்பாதான் பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னார். "எனக்கு எங்கப்பா முகமே சரியா ஞாபகம் இல்லங்கய்யா. ஒண்ணாங்கிளாஸ் படிச்சேன். இலஞ்சியில சஷ்டி நடக்கு, சூரசம்ஹாரம் பாக்கக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிருந்தாவ. அதுக்கு முந்துன நாளு போய்ச் சேந்துட்டாவ. இப்பவும் சஷ்டின்னா எனக்கு அதுதான்."

சஷ்டி என்றதும் எனக்கு மழை கேட்டது, மதினி. ஐப்பசி மழை. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓர் ஆள் நம் வாசலில் நிற்கிறான், கேதம் சொல்ல வந்தவன். நீங்கள் உரலில் மாவாட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

"குற்றாலம் வீடு இதான? குற்றாலம் தவறிட்டாரு."

உங்கள் கை உரலிலேயே நின்றது. "எந்த..." என்று தொடங்கினீர்கள். அதற்கு மேல் அந்தப் பெயர் உங்களுக்கு வராது. உள்ளே கட்டிலில் இருந்து அண்ணன், "எவம்லே அது? நான் இங்கனதான கெடக்கேன்" என்றார். வந்தவன் வெலவெலத்துப் போய், "குத்துக்கல்வலசைக்காரரு அண்ணாச்சி" என்றான். நீங்கள் ஒரு கணம் சிரித்தீர்கள். பிறகு மாவுக் கையோடு தரையில் உட்கார்ந்து அழுதீர்கள்.

அண்ணன் சாவு வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு வந்தார். வீட்டில் பிரச்சினை வேறு. சூரசம்ஹாரத்துக்கு மறுநாள், திருக்கல்யாணத்தன்று, முருகன் கோயிலில் ஆறுமுகத்துக்குக் காது குத்தச் சொல்லி எல்லாம் ஏற்பாடாகியிருந்தது. என் வீட்டுக்காரி பயந்துபோய் உங்களிடம் கேட்டாள், "அக்கா, கேதம் விழுந்திருக்கே, தள்ளி வைப்பமா?"

நீங்கள் சொன்னது அந்தக் குரலோடு என் காதில் இருக்கிறது. "பங்காளி செத்தாத்தாம்ட்டி தீட்டு. பதினாறு கழியணும். இது அண்ணன்லா. நமக்கு அழுக மட்டுந்தான். அழுதாச்சு, குளிச்சாச்சு. புள்ளயத் தூக்கு."

தூக்கிக்கொண்டு நீங்களே முன்னால் நடந்தீர்கள். மூலஸ்தானத்துக்கு நேரே, தாய்மாமன் மடியில் வைத்துக் குத்தினார்கள். வடக்கு வீட்டு ஆள் செத்திருந்தால் நீங்கள் கோயில் வாசலை மிதித்திருப்பீர்களா? விளக்கேற்றக்கூட வேண்டாமென்று சொல்லியிருப்பீர்கள்.

ஆறுமுகத்தைப் பார்த்துச் சொன்னேன், "நான் சொல்லுதத நம்ப வேண்டாம்லே. ஒன் காதத் தொட்டுப் பாரு. அந்தச் சஷ்டியிலதான் குத்துனது. இவிய அப்பா செத்து ரெண்டாம் நாளு. பங்காளி வீட்டுச் சாவுன்னா ஒங்க பெரியம்மை ஒன்னியக் கோயிலுக்குத் தூக்கிருப்பாளா?"

அவன் கடுக்கன் போடுவதை விட்டு எத்தனையோ வருசமாகிவிட்டது. துளை தூர்ந்து ஒரு புள்ளிதான் இருக்கிறது. கை தானாக அங்கே போயிற்று. உங்கள் இடுப்பில் வளர்ந்தவன். கொஞ்ச நேரம் அந்தப் புள்ளியைத் தடவிக்கொண்டே இருந்தான்.

"சஷ்டியில குத்துனதுன்னு பெரியம்மையும் சொல்லிருக்கா" என்றான். பிறகு, "சரிப்பா" என்றான்.

பையனின் அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ நான் ஒங்கள..."

"மாமான்னு கூப்புடும்."

அவர் அதை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். தன் அப்பா பக்கத்தில் இப்படிக் கூப்பிட அவருக்கு ஒருவரும் இருந்ததில்லை. "காப்பி ஆறுது, மாமா" என்றார். எடுத்துக் குடித்தேன். சர்க்கரை அதிகம். சொல்லவில்லை.

உண்மையை நான் வளைக்கவில்லை, மதினி. அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும். பெயரைச் சொன்ன நாங்கள் எல்லாரும் மூன்று பேரை ஒருவராக்கி வைத்திருந்தோம். பெயரே சொல்லாத நீங்கள் அவரவரை அவரவர் இடத்தில் வைத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். யாரிடம் வெளியே வந்து பேசுவது, யார் வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்பது, யாருக்குத் தீட்டு, யாருக்கு அழுகை மட்டும் என்று.

வைகாசியில் கல்யாணம். போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் இரண்டும் துணி எடுக்க வந்திருந்தார்கள். இரண்டு நாளாகக் கோடை மழை. திவ்யா வாசலில் நின்று சத்தம் போட்டாள். இவ்வளவு பாடுபடுத்திய பெயரென்று இப்போது அவனை நாதனென்று இல்லாமல் குற்றாலம் என்றுதான் கூப்பிடுகிறாள். "ஏய் குற்றாலம், வண்டிச் சாவி எங்க? குற்றாலத்துல தண்ணி விழுதாம். வா, போய்ட்டு வந்துருவோம்."

ஒரே மூச்சில் இரண்டு தடவை. நான் என்னை அறியாமல் அடுப்படி வாசலைத் திரும்பிப் பார்த்தேன். நீங்கள் அங்கே நின்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பீர்கள் என்று ஒரு நினைப்பு.

வசந்தாவுக்குக் கை வலிக்கிறதாம். புளி பாக்கி கிடக்கிறது. கையிலிருக்கிற கொட்டையைக் கேட்கிறாள், கூடையில் போட. கொடுக்கவில்லை. இவ்வளவு நேரமும் பேசிக்கொண்டே அதைச் சிமெண்டுத் தரையில் உரசிக்கொண்டிருந்திருக்கிறேன். ஒரு பக்கம் வெள்ளை தெரிய ஆரம்பித்துவிட்டது. திவ்யாவுக்கு. கிணற்று வீட்டு வரிசையில், கடைசிக் கொட்டைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். நீங்கள் உரசுகிற அளவுக்கு உரசவில்லை. வெள்ளை லேசாகத் தெரிந்தால் போதும்.